66ஆம் எண் சாலையில் யார் வண்டியை நிறுத்தலாம்?

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வந்த ஒரு தம்பியின் டி-ஷர்ட்டில் கேடயம் போல ஒரு படம். அதற்குள் 'ரூட் 66' என்ற எழுத்து. "இது என்னடா, பஸ் நம்பரா?" என்று ஒரு தோழர் கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டோம். சட்டை போட்டிருந்தவனுக்கும் விவரம் சரியாகத் தெரியவில்லை. "அமெரிக்காவுல ஃபேமஸான ரோடுண்ணா. 'கார்ஸ்' படத்துல வருமே! ஒருநாள் புல்லட்டுல அதுல போகணும்" என்றான். தி. நகரில் நடைபாதைக் கடையில் வாங்கிய சட்டையாம்.

அவன் ஆசையைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. அவன் வயதில் எனக்கும் அந்தச் சாலை மீது மயக்கம் இருந்தது. ஆனால் அந்த ஆசை எங்கிருந்து வருகிறது, யாருடைய நினைவை நாம் நம் நெஞ்சில் அச்சடித்துக்கொண்டு திரிகிறோம் என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.

சிகாகோவில் தொடங்கி எட்டு மாநிலங்களைக் கடந்து கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா கடற்கரை வரை போனது அந்தச் சாலை. நீளம் ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர். 1926 நவம்பர் 11 அன்று அதற்கு 66 என்ற எண் அதிகாரபூர்வமாகக் கிடைத்தது. 1938இல்தான் முழு நீளத்துக்கும் தளம் போட்டு முடித்தார்கள். 1985 ஜூன் மாதம் நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து எடுத்தும்விட்டார்கள். ஆக, சட்டப்படி இல்லாத ஒரு சாலைக்கு 2026இல் நூறு வயது.

பட்டியலில் இல்லாவிட்டால் என்ன, ஏக்கத்துக்குக் குறைவில்லை. ஒக்லஹோமாவில் கட்டூசா என்ற ஊரில் ஒரு குளத்தின் கரையில் சிமென்ட்டில் செய்த பெரிய நீலத் திமிங்கலம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. ஒருவர் தன் மனைவிக்குத் திருமண நாள் பரிசாக 1970களின் தொடக்கத்தில் கட்டியது. டெக்சஸில் அமரில்லோவுக்கு வெளியே வயல்வெளியில் பத்து கடிலாக் கார்களை மூக்கு மண்ணில் புதையும்படி வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். இல்லினாய் மாநிலத்து வில்மிங்டனில் கையில் ராக்கெட்டோடு பச்சை உடையில் ஃபைபர்கிளாஸ் ராட்சதன் நிற்கிறான். நியான் விளக்கு மின்னும் மோட்டல்கள், பழைய பெட்ரோல் பங்குகள், சாலையோர உணவகங்கள். இவற்றைப் பார்க்கவே உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். திமிங்கலத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. பிடிக்காது என்று சொன்னால் பொய்.

கவனித்துப் பார்த்தால், இந்த ஏக்கம் முழுவதும் சாலையோரத்தைப் பற்றியது. சாலையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, தார்தானே! வண்டியை நிறுத்தியது, இறங்கியது, சாப்பிட்டது, தூங்கியது, குழந்தையை மூத்திரம் போக அழைத்துச் சென்றது, போட்டோ எடுத்தது, இவைதான் நினைவு. ஒரு சாலை மேல் ஏக்கம் வர வேண்டுமானால் அதில் போயிருந்தால் மட்டும் போதாது, இறங்கியிருக்க வேண்டும். அந்தச் சாலையின் பொற்காலம் என்று சொல்லப்படும் 1930, 40, 50களில் கறுப்பின மக்களுக்குப் போகத் தடையில்லை. இறங்கத்தான் தடை.

சாலை அரசாங்கத்துடையது. பெட்ரோல் போட்ட எல்லோருடைய வரிப்பணமும் அதில் இருக்கிறது. ஆனால் ஓரத்தில் இருந்த கடையும் விடுதியும் கழிப்பறையும் தனியாருடையவை. அந்த ஓரத்தில்தான் நிறவெறி உட்கார்ந்திருந்தது. பெட்ரோலுக்குக் காசு வாங்கிக்கொள்வார்கள், கழிப்பறைச் சாவியைத் தர மாட்டார்கள். அதனால் கறுப்பினக் குடும்பங்கள் வண்டியில் சாப்பாட்டுக் கூடை, தண்ணீர், போர்வை, உபரி பெட்ரோல் கேன், சிறுநீர் கழிக்க ஒரு டப்பா எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டுதான் கிளம்பின. வெள்ளையர்களுக்கு வழியில் எதிர்பாராமல் எதையாவது பார்ப்பதுதான் பயணத்தின் சுகம். இவர்களுக்கு எதிர்பாராத எதுவும் நடந்துவிடக் கூடாது என்பதே பயணத்தின் கவலை.

சொந்தக் காசில் நல்ல கார் வாங்கிய கறுப்பினத்தவர் சிலர் வண்டியில் ஒரு டிரைவர் தொப்பியை வைத்திருந்தார்கள். போலீஸ் நிறுத்தினால், 'இது என் வெள்ளைக்கார முதலாளியின் கார், ஓட்டிக்கொண்டு போகிறேன்' என்று சொல்வதற்கு. தன் உழைப்பில் வாங்கியதைத் தன்னுடையது இல்லை என்று சொன்னால்தான் உயிரோடு வீடு திரும்பலாம். கூலிங் கிளாஸ் போட்டு பைக் ஓட்டியதற்காக நம் பிள்ளைகள் அடிவாங்கிய ஊர்களை அறிந்த நமக்கு அந்தத் தொப்பியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரவு இன்னும் மோசம். பொழுது சாய்வதற்குள் கறுப்பினத்தவர் ஊரைவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு உள்ள ஊர்களை 'சன்டவுன் டவுன்' என்பார்கள். சில ஊர்கள் எல்லையில் போர்டே வைத்தன. பல ஊர்களுக்கு போர்டு தேவைப்படவில்லை, ஊர்வாய் போதும். இந்தச் சாலையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த எழுத்தாளர் கேண்டசி டெய்லர், 1930இல் 66ஆம் எண் சாலை கடந்த 89 கவுண்டிகளில் 44 இப்படிப்பட்டவை என்று எழுதுகிறார். கவுண்டி என்றால் நம் கணக்குக்கு ஒரு சிறு மாவட்டம். பாதி வழி முழுவதும் இருட்டுவதற்குள் தாண்டியாக வேண்டிய மண்.

இதைச் சமாளிக்க ஒரு தபால்காரர் ஒரு வேலை செய்தார். நியூயார்க்கின் ஹார்லெமைச் சேர்ந்த விக்டர் ஹியூகோ கிரீன். எந்த ஊரில் எந்த விடுதி, எந்த உணவகம், எந்த முடிதிருத்தகம், எந்த வீட்டில் ஒரு அறை கறுப்பினத்தவருக்குக் கிடைக்கும் என்று முகவரிகளைச் சேகரித்து 1936இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். முதலில் நியூயார்க் பகுதிக்கு மட்டும், பிறகு நாடு முழுவதற்கும். எஸ்ஸோ பெட்ரோல் பங்குகளில் விற்றது. 'கிரீன் புக்' என்ற படத்தைப் பார்த்துவிட்டு, வெள்ளைக்கார டிரைவரின் மனமாற்றக் கதை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அந்தப் புத்தகத்தின் பக்கங்களைப் பார்க்க வேண்டும். கதை எதுவும் இருக்காது, முகவரிகள் மட்டும்தான். இப்படி ஒரு புத்தகமே தேவைப்படாத நாள் வரும் என்று முன்னுரையில் எழுதினார் கிரீன். 1960இல் இறந்துபோனார். புத்தகம் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் வர வேண்டியிருந்தது.

மிசௌரி மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்று ஒரு ஊர். 'ரூட் 66 பிறந்த ஊர்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. 1926 ஏப்ரல் 30 அன்று சைரஸ் ஏவரியும் அவரது கூட்டாளிகளும் 66 என்ற எண்ணைக் கேட்டு வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தது இங்கிருந்துதான். ஆண்டுதோறும் திருவிழா நடக்கிறது, பழைய கார்கள் அணிவகுக்கின்றன. ஊரின் நடுவே ஒரு சதுக்கம். பழைய சாலை அந்தச் சதுக்கத்தின் வழியாகத்தான் போனது.

தந்திக்கு 20 ஆண்டுகளுக்கு முன், 1906 ஏப்ரலில், ஈஸ்டருக்கு முந்தைய இரவு, அதே சதுக்கத்தில் ஹோரஸ் டங்கன், ஃபிரெட் கோக்கர், வில் ஆலன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்களை ஆயிரக்கணக்கான வெள்ளையர் கூடி நின்று தூக்கிலிட்டு எரித்தார்கள். முதல் இருவர் மீது ஒரு வெள்ளைப் பெண்ணைத் தாக்கியதாகப் பழி. இவர்கள் இல்லை என்று அந்தப் பெண்ணே சொல்லியும் கும்பல் கேட்கவில்லை. சிறையை உடைத்து இழுத்து வந்தது. தொங்கவிட்ட கோபுரத்தின் உச்சியில் என்ன இருந்தது தெரியுமா? சுதந்திர தேவியின் சிலை. நியூயார்க் துறைமுகத்தில் நிற்கிறதே, அதன் சிறு பிரதி. இந்தக் கொலைகளுக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. பயந்துபோன கறுப்பினக் குடும்பங்கள் பல ஊரைவிட்டே போயின.

அந்தச் சதுக்கத்தில் இந்தக் கொலைகளைச் சொல்லும் பலகை 2019இல்தான் வந்தது. 113 ஆண்டுகள். சாலையின் 66 என்ற கேடயச் சின்னத்துக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. திருவிழா நடத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த ஊரில் வளர்ந்த ஒரு கறுப்பினத் தாத்தாவிடம் 'அந்தக் காலத்தில் இந்தச் சாலை எவ்வளவு அழகு!' என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று யோசிக்கிறேன்.

இந்தச் சாலையை உலகப் புகழ் பெறச் செய்த பாடல் 1946இல் வந்தது. எழுதியவர் பாபி ட்ரூப் என்ற வெள்ளையர். முதலில் பதிவு செய்து நாடெங்கும் ஒலிக்கச் செய்தவர் நாட் கிங் கோல் என்ற கறுப்பினக் கலைஞர். வழியிலுள்ள ஊர்களின் பெயர்களை அடுக்கி, வாருங்கள் என்று அழைக்கும் பாட்டு. அழைத்த குரலுக்குரியவர் அந்த வழியில் எத்தனை விடுதிகளில் ராத்தங்கியிருக்க முடியும்? 1948இல் அவர் லாஸ் ஏஞ்சலிஸில், அதாவது அந்தச் சாலை போய்ச் சேரும் நகரத்திலேயே, வசதியான வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கினார். அக்கம்பக்கத்தார் சங்கமாகக் கூடி எதிர்த்தார்கள். அவர் வீட்டு நாய்க்கு விஷம் வைத்தார்கள். குரல் வேண்டும், ஆள் வேண்டாம். பறையிசை மேடைக்கு வேண்டும், அடிப்பவர் தெருவுக்குள் குடிவர வேண்டாம் என்கிற நம் ஊர்க் கதை வேறென்ன?

அதே 1946இல்தான் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐ.நா.வுக்கு அளிக்கும் மனுவின் நகல் வேண்டும் என்று கேட்டார். டு பாய்ஸ் பதிலும் எழுதினார். வழிப்பயணம் என்றால் என்ன என்று அண்ணலுக்கும் தெரியும். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் முதலில் வருவதே ஒரு பயணம்தான். 1901இல் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவர்கள், தந்தையிடம் போக மாட்டுவண்டி கேட்கிறார்கள். மஹர் என்று தெரிந்ததும் யாரும் வரவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியையும் சிறுவர்களே ஓட்ட, வண்டிக்காரர் கூட நடந்து வருகிறார். கையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. இரவு ஒரு சுங்கச்சாவடி. வண்டிக்காரர் சொல்லிக் கொடுத்தபடி தங்களை முஸ்லிம் என்று சொல்லித் தண்ணீர் கேட்கிறான் சிறுவன் பீமன். கிடைக்கவில்லை. பசியோடு, சாப்பாட்டைத் தொடாமலே படுக்கிறார்கள். அங்கே டிரைவர் தொப்பி, இங்கே மாற்றிச் சொன்ன அடையாளம். சாலையோரம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நீ யார்?

மீண்டும் அந்தச் சாலையோரப் பொம்மைகளுக்கு வருவோம். அரிசோனாவின் ஹோல்புரூக்கில் 'விக்வாம் மோட்டல்' என்று ஒரு விடுதி. கூம்புக் கூடாரம் போல சிமென்ட்டில் கட்டிய அறைகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பழைய கார். 1950இல் கட்டியது. பூர்வகுடி மக்களின் வீட்டில் தூங்கும் அனுபவமாம். விக்வாம் என்பது வடகிழக்கில் வாழ்ந்த மக்களின் வளைவான குடில். இங்கே கட்டியிருப்பது சமவெளி மக்களின் 'டிப்பி' கூடாரம். இரண்டுமே அந்த மண்ணின் நவஹோ, ஹோப்பி மக்களுடையவை அல்ல. நவஹோ மக்களின் வீட்டுக்கு ஹோகன் என்று பெயர். பெயரும் தப்பு, வடிவமும் தப்பு, இடமும் தப்பு. யாருடைய நிலத்தைப் பிடுங்கினார்களோ அவர்களைப் பொம்மையாக்கி, அந்தப் பொம்மைக்குள் படுத்துத் தூங்க வாடகை வாங்குவது இருக்கிறதே, அதற்குத் தனித் திறமை வேண்டும்.

இதே வகை விடுதி கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவிலும் உண்டு. பாழடைந்து கிடந்த அதை வாங்கிச் செப்பனிட்டு நடத்துவது ஒரு குஜராத்திப் படேல் குடும்பம்! அமெரிக்க மோட்டல்களில் ஏறத்தாழ பாதி இந்திய வம்சாவளியினர் கையில் இருக்கிறது, பெரும்பாலும் படேல்கள். அவர்கள் வாங்கத் தொடங்கிய காலத்தில் பக்கத்து வெள்ளை முதலாளிகள் 'அமெரிக்கர் நடத்தும் விடுதி' என்று போர்டு மாட்டி வாடிக்கையாளரைத் திருப்பிவிட்டார்கள். அது நிறவெறிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வலியைச் சொல்லும் இந்தியச் சமூகத்துக்குள் சாதி என்ன ஆனது என்ற கேள்வியையும் நாம் விடக் கூடாது. கலிஃபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் மசோதா 2023இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்த்து நின்றவற்றில் இந்திய வம்சாவளியினரின் அமைப்புகளே முன்னால் இருந்தன. ஆளுநர் கெவின் நியூசம் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார்.

ஏழை வெள்ளையர்களும் இந்தச் சாலையில் பட்டிருக்கிறார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. 1930களில் புழுதிப் புயலும் கடனும் துரத்த, குடியானவர்கள் இதே வழியில் கலிஃபோர்னியாவுக்குப் போனார்கள். 1936இல் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் 136 பேரை மாநில எல்லைக்கே அனுப்பி அவர்களைத் திருப்பி விரட்டியது. ஜான் ஸ்டெய்ன்பெக் அவர்களைப் பற்றி 1939இல் நாவல் எழுதினார், நாடே படித்தது, படமாகவும் எடுத்தார்கள். அந்தத் துயரம் சாலையின் புராணத்தில் சேர்ந்துவிட்டது. டிரைவர் தொப்பி சேரவில்லை.

ஏக்கக்காரர்கள் சொல்லும் கதையில் வில்லன் 1956இல் சட்டமான இன்டர்ஸ்டேட் விரைவுச்சாலைத் திட்டம். புதிய சாலைகள் ஊர்களுக்கு வெளியே போனதால் சிற்றூர்க் கடைகள் செத்தன என்கிறார்கள். உண்மைதான். அரிசோனாவின் செலிக்மனில் ஏஞ்சல் டெல்கடில்லோ என்ற மெக்சிகோ வம்சாவளி முடிதிருத்துநர் 1987இல் சங்கம் அமைத்துப் போராடித்தான் தன் ஊரைப் பிழைக்க வைத்தார். அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தேதிகளைப் பாருங்கள். உணவகத்திலும் விடுதியிலும் நிறம் பார்க்கக் கூடாது என்று குடியுரிமைச் சட்டம் வந்தது 1964இல். அதற்குள் புதிய சாலைகள் பழைய சாலையைத் துண்டுதுண்டாக விழுங்கத் தொடங்கிவிட்டன. கறுப்பினத்தவருக்குச் சட்டப்படி கதவு திறந்த வேளையில் பல கடைகள் மூடிக்கொண்டிருந்தன.

அந்த விரைவுச்சாலைகள் வேறு எதைக் கொன்றன என்பதும் அந்தக் கதையில் வராது. 66ஆம் எண் சாலையின் தந்தை என்று சொல்லப்படும் சைரஸ் ஏவரியின் ஊர் டல்சா. அங்கே கிரீன்வுட் என்ற செழிப்பான கறுப்பினக் குடியிருப்பை 1921இல் வெள்ளைக் கும்பல் இரண்டு நாட்களில் எரித்துச் சாம்பலாக்கியது. 35 பிளாக் பரப்பு. செத்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். உயிர் பிழைத்தவர்கள் யார் தயவும் இல்லாமல் திரும்பக் கட்டினார்கள். கிரீன் புக்கில் டல்சா என்றால் கிரீன்வுட் முகவரிகள்தான். பிறகு இன்டர்ஸ்டேட் 244 அதன் நடு வயிற்றில் பாலமாக ஏறியது. கும்பல் எரித்தபோது எழுந்த ஊர், நகரமைப்புத் திட்டத்துக்குப் பிறகு பழையபடி எழவில்லை. மோட்டலின் நியான் விளக்குக்கு அழுகிறவர்கள் இதற்கும் கொஞ்சம் அழுதால் என்ன?

மாணவத் தோழர்களுக்கு இன்னொன்றைச் சொல்ல வேண்டும். இந்தச் சாலையில் நமக்கான நினைவுகளும் இருக்கின்றன. நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கியில் பல்கலைக்கழகம் அந்தச் சாலையை ஒட்டியே இருக்கிறது. 1947இல் ஜார்ஜ் லாங் என்ற கறுப்பின மாணவருக்கு அருகிலிருந்த உணவகம் பரிமாற மறுத்தது. மாணவர் பத்திரிகை அதை எழுதியது. மாணவர்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள், கடையைப் புறக்கணித்தார்கள். கடை பணிந்தது. அதோடு விடவில்லை. லாங் சட்டம் படித்தார், மற்றவர்களோடு சேர்ந்து நகரத்துக்கான பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின் வரைவைத் தயாரித்தார். 1952இல் நகர மன்றம் அதை நிறைவேற்றியது. நாடு தழுவிய சட்டத்துக்கு 12 ஆண்டுகள் முன்பே. ஒரு சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு சட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்கிறது. நம் ஆட்கள் மூன்றாம் மாதமே சோர்ந்து வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிடுகிறார்கள்.

ஒக்லஹோமா சிட்டியும் இந்தச் சாலையில்தான். அங்கே கிளாரா லூப்பர் என்ற வரலாற்று ஆசிரியை தன் மாணவர்களை ஒரு நாடகம் போட நியூயார்க்குக்கு பஸ்ஸில் அழைத்துப் போனார். போகும்போது வடக்கு வழி. பிள்ளைகள் வாழ்க்கையில் முதல்முறையாக வெள்ளையர்களோடு சரிசமமாகக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். திரும்பும்போது தெற்கு வழி. மறுபடி கொல்லைவாசல். வழியில் ருசித்ததை அந்தப் பிள்ளைகள் மறக்கவில்லை. 1958 ஆகஸ்ட் 19 அன்று லூப்பருடன் 13 பிள்ளைகள் காட்ஸ் மருந்துக்கடையின் உணவு மேடையில் போய் உட்கார்ந்து ஆளுக்கொரு கோக் கேட்டார்கள். எச்சில் துப்பினார்கள், ஏசினார்கள். பிள்ளைகள் எழவில்லை. சில நாட்களில் அந்த நிறுவனம் மூன்று மாநிலங்களில் தன் கடைகளை எல்லோருக்கும் திறந்தது. புகழ்பெற்ற கிரீன்ஸ்பரோ உள்ளிருப்புக்கு ஒன்றரை ஆண்டு முன்பு. பத்து கடிலாக்குகள் நட்ட வயலுக்குப் போகிறவர்கள் அந்தக் கடை இருந்த இடத்தையும் தேடிப் போகலாம்.

ஒக்லஹோமா சிட்டிக்குச் சற்றுக் கிழக்கே லூத்தர் என்ற சிற்றூர். அருகே த்ரெட் என்ற கறுப்பினக் குடும்பத்தின் பெட்ரோல் பங்க் நிற்கிறது. சாலைக்கு எண் வருவதற்கு முன்பே, 1915 வாக்கில், ஆலன் த்ரெட் தன் நிலத்திலேயே வெட்டிய மணற்கல்லில் கட்டியது. பெட்ரோல் போடலாம், சாப்பிடலாம், கழிப்பறைக்குப் போகலாம், கொஞ்சம் கண்ணயரலாம். யாரும் 'நீ யார்' என்று கேட்க மாட்டார்கள். 2021இல் அமெரிக்காவின் அழியும் ஆபத்திலுள்ள 11 வரலாற்று இடங்களில் ஒன்றாக அதை அறிவித்தார்கள். திமிங்கலத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டே இருக்கிறார்கள்.

தம்பியிடம் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. கிரீன் புக்கின் பழைய பதிப்புகளை நியூயார்க் பொது நூலகம் ஸ்கேன் செய்து இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அதைக் காட்டினேன். போனில் அங்கேயே மிசௌரி, ஸ்பிரிங்ஃபீல்டு என்று தேடிப் பிடித்தான். ஆல்பர்ட்டாஸ் ஹோட்டல், பென்டன் அவென்யூ. நகரத்தின் பழைய மருத்துவமனைக் கட்டடத்தை வாங்கி ஆல்பர்ட்டா எல்லிஸ் என்ற கறுப்பினப் பெண் 1950களில் நடத்திய விடுதி. மூன்று பேரை எரித்த அதே ஊரில். "இப்ப இருக்காண்ணா?" என்றான். இடித்துவிட்டார்கள் என்றேன். அடுத்த வாரம் ஒக்லஹோமா பக்கங்களைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.